டார்ம்ஸ்டாட்டின் கற்றைகள்: அன்றும் இன்றும்

கன அயனிகளைப் பாய்ச்சிப் பொருளைப் பிளாஸ்மாவாக்கும் முயற்சியில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரிலுள்ள ஜி.எஸ்.ஐ. ஆய்வகத்துக்குத் தனி இடம் உண்டு. 1969இல் நிறுவப்பட்டது அது.

அன்று கற்றை மெலிந்தது. 1990இல் வெளியான ஆய்வில் கிரிப்டான் அயனிகள் செனான் வாயுவைச் சூடாக்கின. வாயு பிளாஸ்மாவானது, வெப்பநிலையோ ஓர் எலக்ட்ரான் வோல்ட்டை, அதாவது சுமார் 11,600 கெல்வினை, எட்டவில்லை. திண்மப் பொருளைச் சூடாக்கும் வலு அந்தக் கற்றைக்கு இல்லை.

அதே ஆண்டு, 216 மீட்டர் சுற்றளவுள்ள எஸ்.ஐ.எஸ்.18 வளைய முடுக்கி இயங்கத் தொடங்கியது. அதன் கற்றை வலுக்க வலுக்க, ஈயமும் டங்ஸ்டனும் இலக்காயின. லேசர் பொருளின் மேற்பரப்பை மட்டுமே சுடும். கன அயனியோ உள்ளே ஊடுருவி, போகும் வழியெங்கும் ஆற்றலை இறக்கிவிட்டுச் செல்லும். அதனால், சிதறுவதற்கு முன்னரே உலோகம் முழுவதும் ஏறத்தாழச் சீராகச் சூடேறுகிறது. வியாழன் கோளின் உட்புறம் போன்ற அடர்ந்த, வெப்பமான நிலையை ஆய்வகத்தில் அளக்க இது ஒரு வழி.

அன்று ஒரு யுரேனியம் அணுவிலிருந்து 73 எலக்ட்ரான்களை உரித்து முடுக்கினார்கள். மின்னூட்டம் கூடினால் அயனிகள் ஒன்றையொன்று விலக்கும். கற்றையில் அதிகம் சேர்க்க முடியாது. இன்று 28 எலக்ட்ரான்களை மட்டும் உரிக்கிறார்கள். எண்ணிக்கை கூடுகிறது, ஆனால் மிச்சமிருக்கும் வாயு மூலக்கூறில் மோதினால் இந்த அயனி மேலும் எலக்ட்ரானை இழந்து பாதை தவறிவிடும். எனவே வெற்றிடம் முன்னைவிடத் தூயதாக இருக்க வேண்டியிருக்கிறது.

இந்த ஆய்வகத்தை ஒட்டி 2017இல் கட்டத் தொடங்கிய ஃபேர் முடுக்கி வளாகத்தில் எஸ்.ஐ.எஸ்.100 வளையத்தின் சுற்றளவு 1,100 மீட்டர். ஒரு துடிப்பில் 50,000 கோடி யுரேனியம் அயனிகள் என்பது அதன் இலக்கு. பழைய வளையம் அன்று தந்தது சில நூறு கோடிதான்.

இழந்ததும் உண்டு. 1976இல் அமெரிக்காவில் கூடிய அறிஞர்கள், கன அயனிக் கற்றையால் அணுக்கரு இணைவை மூட்டி மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டார்கள். 1981இல் ஹைபால் என்ற மின்நிலைய வடிவமைப்பும் வெளிவந்தது. அந்த நிலையம் கட்டப்படவில்லை. ஆற்றலுக்காகத் தொடங்கிய தேடல் இன்று பெரும்பாலும் அறிவுக்கான தேடலாக நிற்கிறது. இந்தத் துறைக்குப் பெரும் பங்களித்த ரஷ்ய ஆய்வகங்களுடனான ஒத்துழைப்பும் உக்ரைன் போர் தொடங்கிய பின் 2022இல் நின்றுபோனது.

கற்றை நூறு மடங்கு பெருகலாம். அதை அளக்கத் தெரிந்தவர்கள் ஒரு தலைமுறைக்குள் உருவாகிவிடுவதில்லை. போர் முடிந்து, அவர்கள் மீண்டும் ஒரே இலக்கின் முன் கூடும் நாள் விரைந்து வர வேண்டும்.