பாட்டு இல்லாத படம் எடுத்த வீணை வித்துவான்

பாட்டு இல்லாமல் ஒரு தமிழ்ப் படமா? நடனமும் கிடையாதா? ரசிகர்கள் ஒப்புக்கொள்வார்களா?

1954-ம் ஆண்டு "அந்த நாள்" வந்தபோது படத் துறையில் எழுந்த கேள்வி இது. அந்தத் துணிச்சலான காரியத்தைச் செய்தவர் டைரக்டர் எஸ். பாலசந்தர். படத்தை எடுத்தது ஏ.வி.எம். நிறுவனம். வசனம் எழுதியவர் ஜாவர் சீதாராமன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாலசந்தர் ஒரு சங்கீத வித்துவான். குரு யாரும் இல்லாமல் தாமாகவே வீணை பயின்று புகழ் பெற்றவர். பாட்டின் சக்தி தெரிந்தவரே பாட்டை ஒதுக்கினார்!

கொன்றது யார்?

1943-ம் ஆண்டு அக்டோபர் 11-ந்தேதி சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு வீசியது. அந்த நாளில் ரேடியோ என்ஜினீயர் ஒருவர் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்படுகிறார். இதுதான் கதை. என்ஜினீயராக நடித்தவர் சிவாஜி கணேசன். மனைவியாக வந்தவர் பண்டரிபாய்.

துப்பறியும் அதிகாரியிடம் ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையிலும் சந்தேகம் வேறு ஒருவர் மேல் பாய்கிறது. கொன்றவர் யார் என்பதை இங்கே சொல்லிவிட்டால், படம் பார்க்காதவர்களுக்குச் செய்யும் துரோகம் ஆகும்!

வசூல் பெரிதாக இல்லை. ஆனால் மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. இன்றும் தமிழின் சிறந்த மர்மப் படங்களைச் சொன்னால், முதலில் வருவது "அந்த நாள்"தான்.

பொம்மைக்குள் குண்டு

பாலசந்தர் சளைக்கவில்லை. 1964-ல் "பொம்மை" எடுத்தார். வெடிகுண்டு வைத்த பொம்மை ஒன்று கை மாறிக் கை மாறி ஊரைச் சுற்றுகிறது. எப்போது வெடிக்குமோ என்று ரசிகர்கள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தனர். இதில் பாட்டு உண்டு. கே.ஜே. ஏசுதாசின் குரலைத் தமிழ்ப் பட ரசிகர்களுக்கு அறிமுகம் செய்ததும் இந்தப் படமே. படம் முடிந்ததும், திரைக்குப் பின்னால் உழைத்தவர்களைத் திரையிலேயே காட்டினார் பாலசந்தர்.

1970-ல் "நடு இரவில்" வந்தது. தீவு மாளிகையில் கூடிய உறவினர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்படும் கதை.

அதன் பிறகு அவர் படம் இயக்கவில்லை. வீணையே வாழ்க்கை ஆயிற்று. 1982-ல் "பத்மபூஷண்" விருது பெற்றார். 1990-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந்தேதி, சொந்த ஊரை விட்டு வெகு தூரத்தில், உருக்கு நகரமான பிலாயில் மாரடைப்பால் காலமானார்.

"அந்த நாள்" திரைக்கு வந்ததும் ஒரு ஏப்ரல் 13-ந்தேதிதான்.