கச்சிராயபாளையமும் கல்வராயன் மலையும்

விடுமுறை வந்தவுடன் தொலைதூரத்து மலைவாசஸ்தலங்களைக் காண விழைவது மாணாக்கர் இயல்பு. உதகையும் கோடைக்கானலும் கண்டு வந்தோர் நம்மிற் பலர். கல்வராயன் மலையைக் கண்டோர் மிகச் சிலரே. உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் செல்லுங்கால் வடமேற்கே நீலநிறமாய்த் தோன்றும் அம்மலையைப் பேருந்தின் பலகணி வழியே நோக்கி, அதன் பெயரும் கேளாது கடந்து செல்வோரே மிகுதி. அம்மலையின் அடிவாரத்து ஊராகிய கச்சிராயபாளையத்தை இருப்பிடமாகக் கொண்டு, நான்கைந்து நாளிற் காணத்தக்கவற்றை ஈண்டு ஒருவாறு கூறுவாம்.

ஊரும் அணையும்

கச்சிராயபாளையம் கள்ளக்குறிச்சிக்கு வடமேற்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கச்சி என்பது காஞ்சிபுரத்தின் பழம்பெயர். கச்சிராயர் என்பது நடுநாட்டுத் தலைவர் சிலர் பூண்ட பட்டம். அப்பட்டம் பூண்டாரது பாளையம் என்பதே இவ்வூர்ப் பெயரின் பொருள். சுற்றிலும் நெல்லும் கரும்பும் விளையும் வயல்கள். இங்குள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலை கரும்பு அரைக்குங் காலத்தில், கரும்பேற்றிய வண்டிகள் சாலையில் வரிசையாய் நிற்பதைக் காணலாம்.

ஊரை அடுத்து மலையடியிற் கோமுகி அணை அமைந்துள்ளது. கோமுகி என்பதற்குப் பசுவின் முகம் என்பது பொருள். கல்வராயன் மலையிற் பிறக்கும் இவ்வாற்றைத் தடுத்து 1960-களில் கட்டப்பெற்ற இவ்வணையின் நீர்மட்டம் 46 அடி. பல்லாயிரம் ஏக்கர் நிலம் இதனாற் பாசனம் பெறுகின்றது. அணையைக் கடந்த ஆறு மணிமுத்தாற்றொடு கூடி, ஈற்றில் வெள்ளாற்றிற் கலந்து கடலை அடையும். வைகறையில் எழுந்து அணைக்கரை மீது நடப்போர்க்கு, ஒருபால் மலைநிழல் படிந்த நீர்ப்பரப்பும் மற்றொருபால் பசிய வயல்களும் ஒருங்கே தோன்றும். மலையில் எதைக் காணச் செல்லுமுன்னும் இதனைக் காண்பது நன்று. மேலே பெய்யும் மழைதான் கீழே சோறாகின்றது என்னும் உண்மை இங்கே கண்கூடாய் விளங்கும்.

மலைவழி

அணையைக் கடந்து மேற்செல்லும் சாலை, வளைந்து வளைந்து காட்டினூடே ஏறிக் கரியாலூரையும், அதற்கப்பால் வெள்ளிமலையையும் அடைகின்றது. கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. வடபாலுள்ளது சின்னக் கல்வராயன். தென்பாலுள்ளது பெரிய கல்வராயன். முன்னது ஏறக்குறைய 2,700 அடியும் பின்னது 4,000 அடியும் உயரமுடையன என்பர். கரியாலூரில் படகுத்துறையும் பூங்காவும் உண்டு. வெள்ளிமலை இம்மலை வட்டத்தின் தலைமையிடம். சாமை, தினை, மரவள்ளி முதலியன இங்கே விளைகின்றன. கடுக்காயும் புளியும் தேனும் காடு தரும் செல்வங்கள்.

அருவிகளுட் பெரியார், மேகம், கவியம் என்பன பெயர் பெற்றவை. பெரியார் அருவியைச் சாலையோரத்திலேயே காணலாம். மேகம் அருவிக்கோ காட்டுவழியே நடந்து செல்லல் வேண்டும். மழைக்காலம் கழிந்தபின் நீர் நிறைந்து வீழ்ந்து கண்ணுக்கு விருந்தாகும் இவை, கோடையில் மெலிந்துவிடும்.

இவண் ஓர் அனுபவத்தைக் கூறுதல் வேண்டும். முன்னொரு முறை யாமும் நண்பர் நால்வரும் இம்மலையின் ஓடையொன்றில் நீராடிக்கொண்டிருந்தோம். எம் தலைக்கு மேல் வெயிலே காய்ந்தது. அவ்வழி ஆடு ஓட்டிச் சென்ற மலைவாழ் முதியவர் ஒருவர் நின்று, “தம்பிகளா, மேற்கே கறுத்திருக்கிறது, தண்ணீரும் கலங்கி வருகிறது. கரையேறிவிடுங்கள்” என்றார். எம்முள் ஒருவர் நகைத்தார். முதியவர் சினவாமல் அவ்விடத்தே நின்றார். யாவரும் கரையேறும் வரை அகலவில்லை. அரைமணி நேரத்திற்குள் ஓடை செந்நிறமாய்ப் பொங்கி, யாம் ஆடைகளை வைத்திருந்த பாறையை மூடிவிட்டது. புத்தகம் பல கற்ற எமக்கு அந்நீரின் நிறத்தைப் படிக்கத் தெரியவில்லை. அவர் பெயரையேனும் கேட்டறியாது திரும்பினோம் என்பதே இன்றும் எமக்கு நாணந் தருவது.

மலைமக்கள்

அம்முதியவர் இனத்தாரை மலையாளிகள் என்பர். இப்பெயர் கேட்டு அவரை மலையாள நாட்டினர் எனக் கருதற்க. மலையில் வாழ்வோர் என்பதே பொருள். அவர் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பதும், உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளிற் குடியேறினர் என்பதும் அவரிடை வழங்கும் பரம்பரைக் கதை. மலையடியிற் கச்சிராயர் பெயர். மலைமேற் கச்சியிலிருந்து வந்த கதை. இரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பது சரித்திர மாணாக்கர்க்கு இன்பந் தரும்.

ஆயின் அவர் சரித்திரம் முழுதும் இன்பமானதன்று. நெடுங்காலம் இம்மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது. குடிகள் அவர்க்கு வரியும் உழைப்பும் செலுத்தி வந்தனர். நாடு விடுதலை பெற்றது 1947-இல்; இந்த ஜாகீர்கள் அரசின் வசமானதோ 1976-இல். நாம் களிப்புடன் ஏறிச் செல்லும் இம்மலையில், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் விடுதலை அடிவாரத்திலேயே நின்றது எனலாம்.

கோட்டையும் பழம்பதியும்

மலையினின்று இறங்கியபின் ஒரு நாளைத் தியாகதுருகத்திற்கு ஒதுக்குக. கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் இப்பாறைக்குன்றின் கோட்டைக்காக, பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மைசூராரும் பொருதனர். பிரெஞ்சுத் தளபதி லாலி 1760-இல் ஹைதர் அலியின் படைத்துணையை நாடி, அதற்கு ஈடாக இக்கோட்டையை அவர்க்கு அளிக்க உடன்பட்டார். 1761-இல் பாண்டிச்சேரி வீழ்ந்ததும் இதுவும் ஆங்கிலேயர் கைப்பட்டது. 1790-இல் திப்பு சுல்தானின் படை வந்து தாக்கியபோது கேப்டன் பிளின்ட் என்பார் இதனைக் காத்து நின்றார். ஐரோப்பாவில் மூண்ட பகை, நம் கரும்பு வயல்களின் நடுவே குண்டுமாரி பொழிந்தமைக்கு இக்குன்று சான்று.

இன்னும் ஒரு நாள் உளதாயின், தென்மேற்கே சேலம் ஜில்லாவின் எல்லையிலுள்ள ஆறகளூர் செல்க. வசிஷ்ட நதிக்கரையிலுள்ள இவ்வூர், மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையரின் தலைநகர். காமநாதீசுவரர் கோயில் அவர்தம் சிறப்பை உணர்த்தும். அண்மையிலுள்ள தியாகனூரிற் புத்தர் சிலைகள் உள்ளன. பௌத்தம் இந்நாட்டில் வாழ்ந்த காலத்தை அவை நினைவூட்டும்.

செல்வோர்க்குச் சில சொற்கள்

மழை முடிந்து குளிர் தொடங்குங் காலமே ஏற்றது. மழை பெய்யும்போது ஓடையில் இறங்கற்க. உள்ளூராரை உசாவாது காட்டுவழி செல்லற்க. வனத்துறையினர் தடுத்த இடத்தை நாடற்க. உண்ட இலையையும் பையையும் அருவியருகே எறியற்க; அந்நீரே கீழே அணையை நிரப்புகின்றது. எல்லாவற்றினும் மேலாக, மலையை வேடிக்கை பார்க்கும் இடமென எண்ணாது, பிறர் வாழும் வீடென எண்ணிப் புகுக. வீட்டுக்குச் செல்லும் விருந்தினன் முதலில் வீட்டாரின் பெயரைக் கேட்டறிவான். யாம் அன்று செய்யத் தவறியதை, இனிச் செல்லும் இளைஞரேனும் செய்வாராக.