கிடங்கின் இடமும் லாரியின் தூரமும்

லாரிகளின் தேவையை நாட்டின் உற்பத்தி அளவைக் கொண்டே கணிப்பது வழக்கம். ஆனால் சரக்குப் போக்குவரத்தை அளக்கும் அலகான டன்-கிலோமீட்டர், அதாவது ஏற்றிய எடையை அது கடந்த தூரத்தால் பெருக்கிப் பெறும் எண், உற்பத்தியால் மட்டும் கூடிக் குறைவதில்லை. ஆலையிலிருந்து கடைக்குச் சேரும்வரை ஒரு பொருள் எத்தனை முறை ஏற்றி இறக்கப்படுகிறது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு தொலைவு செல்கிறது என்பவற்றில் நிறுவனங்கள் எடுக்கும் முடிவுகளும் அதை மாற்றுகின்றன.

இந்தியாவில் மாநில எல்லை கடந்த விற்பனைக்கு, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய விற்பனை வரி இருந்தது. பதிவுபெற்ற வணிகர்களுக்கு 2008 முதல் 2 சதவீதமாக இருந்த இவ்வரியை, வாங்கியவர் தாம் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ள இயலவில்லை. அதே சரக்கை வேறு மாநிலத்திலுள்ள தன் சொந்தக் கிடங்குக்கு நிறுவனம் அனுப்பினால் அது விற்பனை ஆகாது என்பதால் அப்போது வரியும் இருக்கவில்லை. எனவே சோப்பு, பெயின்ட், மின்விசிறி விற்ற நிறுவனங்கள் தூரத்தையோ சாலை வசதியையோ பாராமல் மாநிலத்துக்கொரு கிடங்கு வைத்தன. ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டரே என்றாலும், அந்நகரக் கடைகளுக்குக் கர்நாடகக் கிடங்கிலிருந்தே சரக்கு போனது. வரிச் சட்டம் வரைந்த இந்த வரைபடத்தின்மீதுதான் லாரித் தொழில் பல பத்தாண்டுகள் ஓடியது.

2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் அந்தக் காரணம் மறைந்தது. சிறு கிடங்குகளை மூடிப் பல மாநிலங்களுக்குப் பொதுவான பெருங்கிடங்குகளை நிறுவனங்கள் அமைக்கத் தொடங்கியபோது, ஆலையிலிருந்து கிடங்குவரை முழு லோடாகச் செல்லும் பெரிய லாரிகளுக்கும் ட்ரெய்லர்களுக்கும் தேவை கூடியது. கிடங்கிலிருந்து கடைகளுக்கான பயணமோ நீண்டது. எல்லைகளில் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் நீக்கப்பட்டதால் காத்திருப்பு குறைந்து, ஒரே லாரி மாதத்தில் கூடுதல் நடைகள் ஓட முடிந்தது. 2018இல் லாரிகள் ஏற்றலாம் என்று அனுமதிக்கப்பட்ட சுமையின் வரம்பும் உயர்த்தப்பட்டது. சரக்கு பெருகினாலும் லாரிகளின் எண்ணிக்கை அதற்கு ஈடாகப் பெருகத் தேவையில்லை என்ற நிலை இவ்வாறு உருவானது. 2019இல் கனரக லாரி விற்பனை சரிந்ததற்குப் பொருளாதார மந்தமும் கடன் நெருக்கடியும் முதன்மைக் காரணங்கள் எனினும், உயர்ந்த சுமை வரம்பின் பங்கும் அதில் உண்டு.

இம்மாற்றத்தின் சுமை சமமாகப் பகிரப்படவில்லை என்பதே வருந்தத்தக்கது. பெருங்கிடங்கு நடத்துவோர் நூற்றுக்கணக்கான வண்டிகளை ஒரே ஒப்பந்தத்தில் தரக்கூடிய போக்குவரத்து நிறுவனங்களையே நாடுவதால், நாமக்கல், சங்ககிரி போன்ற ஊர்களில் ஓரிரு லாரிகளை வைத்துப் பிழைப்போர், புக்கிங் அலுவலகத்தில் மீதப்படும் லோடுகளுக்காகக் காத்திருக்கும் நிலைக்குத் தள்ளப்படுகின்றனர். லாரிக் கடனின் தவணை பல ஆண்டுகள் நீள்கிறது. கிடங்கை இடம் மாற்றும் முடிவோ சில மாதங்களில் நிறைவேறிவிடுகிறது. போக்குவரத்துத் தேவையைக் கணிக்கும் அரசு அமைப்புகள், உற்பத்திப் புள்ளிவிவரத்தோடு கிடங்குகளின் இருப்பிடம், கொள்ளளவு பற்றிய விவரங்களையும் ஆண்டுதோறும் திரட்டி வெளியிட்டால், அடுத்த லாரிக்குக் கடன் வாங்கும் முன்பே எந்த வழித்தடத்தில் லோடு குறைந்துவருகிறது என்பதை இவர்கள் அறிந்துகொள்ள முடியும்.