பெட்டியின் மேல் பழி

ஆனி, ஆடி மாதங்களிலே ஹட்டனின் மாலைப்பொழுது எவ்வாறிருக்கும் என்பதை மலையகத்து வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம்; விட்டுவிட்டுப் பெய்யும் தென்மேற்குப் பருவமழை; பொழுது சாயுமுன்னரே தேயிலை மலைகளை மறைத்துவிடும் மூடுபனி. அப்படிப்பட்டதொரு மாலையிலே, நான் எழுதிக்கொண்டிருந்த வரி முற்றுப்பெறுமுன், என் வீட்டுக் கணினி திடீரென்று நின்றுவிட்டது. திரை இருண்டது. சிறிது நேரத்தில் தானாகவே உயிர்பெற்று, ஒன்றும் நடவாதது போல முதலிலிருந்து தொடங்கியது. எழுதிய அரைப்பக்கம் போன இடம் தெரியவில்லை.

ஒருமுறை நடந்தால் தற்செயல் எனலாம். மறுநாளும் நின்றது, அதற்கடுத்த நாள் இருமுறை நின்றது. பழுதுபட்ட பொருளைத் திட்டுவது மனித இயல்பு. நானும் அப்பெட்டியை வாயாரத் திட்டினேன்.

அதிலே அப்படி என்ன இருந்தது என்று கேட்பீர்கள். தோட்டத்து மூதாட்டியர் சிலரிடம் ஆறாண்டு காலமாகக் கேட்டு எழுதிய தாலாட்டுகளும், ஒப்பாரிகளும், கங்காணிமார் காலத்துக் கதைகளுமே இருந்தன. அவர்களுடைய குரலையும் ஒலிப்பதிவாகச் சேர்த்து வைத்திருந்தேன். பாடியவர்களில் இருவர் இன்று இல்லை. வேறெங்கேனும் பிரதி எடுத்து வைத்திருந்தேனா என்றால், அதுதான் இல்லை! பள்ளிக்கூடத்திலே முப்பதாண்டுகள் பிள்ளைகளுக்கு முன்யோசனையைப் போதித்தவனுக்குத் தன் காரியத்தில் அது தோன்றாமற் போயிற்று.

பழுதுபார்க்கும் கடையொன்றுக்குப் பெட்டியைச் சுமந்து சென்றேன். அங்கிருந்த தம்பி நல்லவர், ஆனால் அவசரக்காரர். “சேர், மதர்போட் போயிடுச்சு. 2022ல கரண்ட வெட்டி வெட்டி விட்டாங்கல்ல, அப்பவே அடிபட்டிருக்கும். ஃபோமட் பண்ணிப் பார்க்கலாம். சரிவரலைன்னா புதுசா ஒன்னு எடுத்துருங்க” என்றார். அவ்வாண்டு மார்ச் மாத இறுதியிலே, நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆகவே அவர் கூற்று நம்பத்தக்கதாகவே தோன்றிற்று. ஆயினும் ஃபோமட் செய்வதென்றால், உள்ளே உள்ள அனைத்தையும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதன்றோ? அச்சொல்லைக் கேட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பிவிட்டேன். அந்தக் கடையிலே கணினி ஒரு மணிநேரம் ஓடியது, ஒருதரமேனும் நிற்கவில்லை. அதன் பொருளை நான் அப்போது உணரவில்லை.

உயர்தரம் படிக்கும் என் பேத்திதான் வழி காட்டினாள். “தாத்தா, எப்பெப்ப நிக்குதுன்னு எழுதி வச்சீங்களா?” என்று கேட்டாள். நான் எழுதவில்லை. “எழுதாம எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று சொல்லி, பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து கணினிக்குப் பக்கத்திலே வைத்தாள்.

அவள் செய்தது கணினியின் வரலாற்றிலே பழைய காரியம். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் திகதி, அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து மார்க் 2 என்னும் கணினி பிழைபட்டபோது, அதன் மின்விசைகளுக்கிடையே ஒரு விட்டிற்பூச்சி சிக்கியிருப்பதைக் கண்டார்கள். கண்டவர்கள் பூச்சியைத் தூர எறிந்துவிடவில்லை. அதை நாட்குறிப்பிலே ஒட்டி, நேரத்தையும் எழுதி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. நோயையும் அதன் மூலத்தையும் அறிந்த பின்னரே மருந்தைப் பற்றி எண்ணுமாறு வள்ளுவர் வைத்தியனுக்கு விதித்ததும் இந்த ஒழுங்கைத்தான்.

முதல் வேலையாக, மறுநாட் காலையிலே என் ஏடுகளையெல்லாம் வேறொரு தட்டிலே பிரதி எடுத்தோம். அதன் பின்னரே ஆராய்ச்சி தொடங்கிற்று.

கணினி நின்றுபோவதில் மூன்று வகை உண்டு. நீலத்திரை தோன்றி, ஏதோ ஒரு பிழையின் பெயரைச் சொல்லி நிற்பது ஒன்று. நினைவகம், வன்தட்டு, சாதனங்களை இயக்கும் மென்பொருள் ஆகியவற்றில் பெரும்பாலும் குற்றம் இருக்கும். படம் அப்படியே உறைந்து, சுட்டி அசையாமல் நிற்பது மற்றொன்று. யாரோ மின்சாரத்தைப் பிடுங்கியது போலச் சட்டென்று அணைவது மூன்றாவது. எங்கள் பெட்டிக்கு வந்தது இந்த மூன்றாம் வகை. விண்டோஸ் கணினியிலே இவென்ட் வியூவர் என்றொரு பதிவேடு உண்டு. அதைத் திறந்து பார்த்தபோது, நின்ற நேரங்களிலெல்லாம் 41 என்னும் இலக்கமே பதிவாகியிருந்தது. முறையாக மூடப்படாமலே இயந்திரம் மறுபடி தொடங்கியது என்பது மட்டுமே அதன் பொருள். ஏன் என்பதை அது சொல்வதில்லை.

வெப்பத்தினால் இருக்குமோ என்று ஐயுற்றோம். மையச் செயலகத்தின் சூடு ஏறக்குறைய 100 பாகை செல்சியசை எட்டினால், அது தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு வேகத்தைக் குறைக்கும். அப்போதும் தணியாவிட்டால் இயந்திரம் அணைந்துவிடும். பெட்டியைத் திறந்தோம். விறகடுப்புப் புகையின் கரியும் தூசியும் சேர்ந்து, காற்றாடியிலே கம்பளிபோல் படிந்திருந்தன. துடைத்தோம். ஆயினும் நின்றது. நினைவகத் தகட்டைக் கழற்றி, ஈரக்காற்றினால் மங்கியிருந்த அதன் பொன்னிற விளிம்பை மெல்லிய அழிறப்பரால் தேய்த்துப் பொருத்தினோம். மெம்டெஸ்ட்86 என்னும் சோதனையை இரவு படுக்கப்போகும்போது தொடங்கி, விடியும்வரை ஓடவிட்டோம். ஒரு பிழையும் காட்டவில்லை. அதைவிட வியப்பு, அந்த இரவு முழுவதும் கணினி ஒருதரமும் நிற்கவில்லை.

பத்து நாள் கழித்துக் கொப்பியைப் படித்தோம். பதினேழு பதிவுகள். பதினாறு, மாலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் நிகழ்ந்தவை. வெப்பம் காரணமாயின் நண்பகலில் அன்றோ நின்றிருக்க வேண்டும்? குளிரும் இந்த மாலையிலே ஏன் நிற்கிறது? எஞ்சிய ஒன்று ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணி. “அன்னைக்கு மாமா வீட்டாளுங்க வந்திருந்தாங்க தாத்தா” என்றாள் பேத்தி.

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. “ஆமா, அவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தக் கேத்தல் போட்டேன். கேத்தல் போட்டா இந்தக் குசினி லைட்டு கண்ணை மூடி மூடித் திறக்குது. ரெண்டு மாசமாச் சொல்றேன், நீங்க காதுல வாங்கலையே!”

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கணினி இருக்கும் அறைக்கும் அந்தக் குசினிக்கும் ஒரே கம்பி. பல ஆண்டுகளுக்கு முன், செலவைச் சுருக்குவதாக எண்ணிக் குசினியிலிருந்து அக்கம்பியை இழுப்பித்தவன் நானே.

மின்வேலை தெரிந்த ஒருவரை அழைத்தோம். அவர் பிரதான ஆளியை அணைத்துவிட்டு, சுவரிலிருந்த பலகையைக் கழற்றினார். முறுக்கி நாடா சுற்றியிருந்த இணைப்பொன்று உள்ளே பழுப்பேறி, உறை பொரிந்து, கருகிக் கிடந்தது. விளக்கம் எளியது. 2000 வாற்றுக் கேத்தல், நமது 230 வோல்ற்று மின்சாரத்தில் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். அவ்வளவு மின்னோட்டம் தளர்ந்த இணைப்பின் வழியே செல்லும்போது அவ்விடம் சூடேறுகிறது; கண்ணிமைக்கும் நேரம் விட்டு மீண்டும் தொடுகிறது. விளக்கு சிமிட்டிவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். கணினியின் மின்வழங்கியோ, முழுப் பளுவிலே ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கு அளவுக்கே மூச்சுப் பிடிக்க வல்லது. அதைக் கடந்தால் கணினி அணைவதன்றி வேறு வழியில்லை.

“அப்படியானால் ட்ரிப் சுவிட்ச் ஏன் விழவில்லை?” என்று கேட்டேன். மின்சாரம் நிலத்துக்கு ஒழுகினால் ட்ரிப் சுவிட்ச் விழும். பளு மிகுந்தால் அதற்குரிய ஆளி விழும். தளர்ந்த இணைப்பின் சூட்டை இவை இரண்டும் அறியமாட்டா என்று அவர் விளக்கினார். பிறகு கருகிய துண்டை என் கையில் வைத்து, “இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா கம்பியூட்டர் இல்லைங்க ஐயா, வீடே போயிருக்கும்” என்றார்.

அந்தக் கரித்துண்டைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நம் மலைகளின் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918ஆம் ஆண்டிலேயே கட்டுரை வாசித்தார். லக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கிற்று. காசல்ரீயிலே தேங்கும் தண்ணீர் மலையைக் குடைந்து இறங்கிச் சுழலியைச் சுழற்ற, அங்கு பிறந்த மின்சாரம் எத்தனையோ கோபுரங்களைக் கடந்து செல்கிறது. அத்தனை தூரமும் தவறாமல் வரும் மின்சாரம், என் வீட்டுக்குள்ளே கடைசி முப்பது அடியிலே என் சிக்கனத்தால் தடுமாறியது. தோட்டத்து லயங்களில் தீப்பிடித்தது என்ற செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! ஒரு காம்பிராவில் பற்றிய நெருப்பு, ஒரே கூரையின் கீழுள்ள வரிசை முழுவதையும் கொண்டுபோவதையும் கண்டிருக்கிறோம். மின்னொழுக்கு என்று ஒரு சொல்லிலே அச்செய்தியைக் கடந்துவிடுகிறோம். அந்த நெருப்புக்கு முன்னால் ஏதேனும் ஒரு விளக்கு சிமிட்டியிருக்காதா? யாரேனும் ஒரு பெண் அதைச் சொல்லியிருக்க மாட்டாளா?

‘அரைப்பேர்’ என்னும் சொல்லை மலையகத்தார் அனைவரும் அறிவர். கொழுந்தின் நிறை குறைந்தால், எடுத்தவளுக்கு அரைநாட் சம்பளம். மழை பொய்த்ததா, செடி கிழடாயிற்றா, மலை காடேறிக் கிடந்ததா என்று யாரும் கேட்பதில்லை. எதிரே நிற்பவள் மேல் பழியைப் போடுவது எளிது. அந்தக் கணக்கின் கொடுமையை என் தாய் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆயினும் என் மேசையின் மேலிருந்த பெட்டிக்கு நானும் அரைப்பேரே போட்டேன். அது நின்று நின்று எனக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது.

எல்லார் வீட்டிலும் காரணம் இதுவே என்று நான் சொல்ல வரவில்லை. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் திகதி, பாதுகாப்பு மென்பொருள் ஒன்றின் பிழையான திருத்தத்தால், உலகெங்கும் ஏறக்குறைய 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி வீழ்ந்தன. அவற்றின் உறுப்புகளில் குற்றம் இருக்கவில்லை; நோய் தூரத்திலிருந்து வந்தது. ஆகவே உங்கள் கணினி நின்றால், முதலில் பிரதி எடுங்கள். அடுத்து நாளையும் நேரத்தையும், அவ்வேளை வீட்டில் வேறு என்ன இயங்கியது என்பதையும் எழுதுங்கள். வெளியிலிருந்து உள்ளே செல்லுங்கள்: கம்பி, தூசி, நினைவகம், வன்தட்டு, மென்பொருள். ஒருவேளைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்பது தெரியாமற் போகும். சுவருக்குள் இருக்கும் கம்பியை மட்டும் நீங்களே தொடாதீர்கள். தொழில் அறிந்தவரை அழையுங்கள்.

கணினிக்கு இப்போது தனிக் கம்பி உண்டு. மூதாட்டியரின் பாடல்கள் மூன்று இடங்களில் இருக்கின்றன; ஒன்று பேத்தியிடம். கொப்பியிலே புதிய பதிவு ஏதும் இல்லை. ஆனால் குசினியிலிருந்து யாரேனும் ஏதேனும் சொன்னால், எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய்க் கேட்கிறேன்.