தோல் தொழில் வட்டாரத்தில் கணினித் தூய்மை மென்பொருள்கள்: பயனும் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

கணினியின் வேகம் குறையும்போது தேவையற்ற கோப்புகளின் பெருக்கமே அதற்குக் காரணம் எனக் கருதித் தூய்மை மென்பொருள்களை இயக்கும் வழக்கம் கல்விப்புலத்தில் உள்ளது. அம்மென்பொருள்கள் எவற்றை நீக்குகின்றன, நீக்கத்தால் வேகம் எந்த அளவு மீள்கிறது, ஆய்வாளரின் தரவுக்கு அதனால் நேரக்கூடிய இழப்பு யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. வெப்பமும் உப்புத்தூசியும் சல்ஃபைடு வாயுவும் சேர்ந்து நிலவும் வேலூர் – ஆம்பூர் வட்டாரத்தில், வேகக் குறைவின் காரணத்தைக் கோப்புகளில் தேடும் முன்னர் வன்பொருளில் தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: தூய்மை மென்பொருள், தற்காலிகக் கோப்பு, ரெஜிஸ்ட்ரி, ஹைட்ரஜன் சல்ஃபைடு, அரிப்பு, ஆம்பூர், ஆய்வுத்தரவு.

முன்னுரை

பாலாற்றுப் படுகையில் இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் ஊர்களைத் தோல் தொழில் ஒரே வட்டாரமாக இணைத்துள்ளது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோதும் தொழில் சார்ந்த இவ்வொருமை குலையவில்லை. ஆய்வுலகில் இவ்வட்டாரம் பேசப்படுவது பெரிதும் நீர் மாசினால்தான். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 28.08.1996 அன்று வழங்கிய தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் நிலைபெற்ற ஒன்று. ஆற்றுக்கும் கிணற்றுக்கும் நேர்ந்தது பேசப்பட்ட அளவிற்கு, அதே தொழிற்கூடத்தின் காற்று அங்குள்ள கருவிகளுக்கு என்ன செய்யும் என்பது பேசப்படவில்லை.

இவ்வட்டாரத்துக் கல்வி நிறுவனங்களும் தொழிலை விட்டு விலகி நிற்பவை அல்ல. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தோன்றியது. மேல்விஷாரத்தில் 1965இல் தொடங்கிய கல்லூரி, தோல் வணிகரும் கொடையாளருமான சி. அப்துல் ஹக்கீமின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தொழிற்கூட அலுவலகத்துக் கணக்குக் கணினியும் கல்லூரித் துறையின் கணினியும் ஒரே ஊரின் வெயிலிலும் தூசியிலும் இயங்குகின்றன. இரண்டும் மெதுவானால் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படும் மருந்தும் ஒன்றே: ஒரு தூய்மை மென்பொருளை நிறுவி இயக்குவது.

மீட்பில் தொடங்கிய வரலாறு

கணினிப் பராமரிப்பு மென்பொருள்களின் வரலாறு நீக்கலில் தொடங்கவில்லை என்பது இன்று பலரும் மறந்த செய்தி. 1982இல் பீட்டர் நார்ட்டன் வெளியிட்ட நார்ட்டன் யுட்டிலிட்டீஸ் தொகுப்பின் புகழுக்குக் காரணமாக இருந்தது, தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பை மீட்டுத் தரும் அன்இரேஸ் என்னும் நிரல். வட்டில் சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை அடுக்கிச் சீரமைக்கும் கருவிகள் பின்னர் வந்தன. 1993இல் வெளியான எம்.எஸ்.-டாஸ் 6, அத்தகைய கருவியைச் சிமான்டெக் நிறுவனத்திடம் உரிமம் பெற்றுத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. விண்டோஸ் 98 வட்டுத் தூய்மைக் கருவியை உடன் தந்தது. பிரிஃபார்ம் நிறுவனத்தின் சிகிளீனர் 2004இல் வெளியாகி, இத்துறையில் மிகுதியாக அறியப்பட்ட பெயராயிற்று. அழிந்ததை மீட்பதற்காகத் தோன்றிய ஒரு மென்பொருள் வகை, கால் நூற்றாண்டுக்குள் அழிப்பதையே முதற்பணியாகக் கொண்டது.

நீக்கப்படுவனவும் வேகமும்

தூய்மை மென்பொருள்கள் நீக்குவனவற்றுள் முதன்மையானவை தற்காலிகக் கோப்புகளும் உலாவியின் சேமிப்பும் ஆகும். இவற்றை நீக்கினால் இடம் கிடைக்கும். வேகம் கிடைக்கும் என்பது வேறு கூற்று. வட்டு முற்றிலும் நிரம்பி, இயங்குதளம் தன் மாற்று நினைவகத்திற்கு இடமின்றித் தவிக்கும் நிலையில் மட்டுமே இடமீட்பு வேகமீட்பாகவும் அமைகிறது. பாதி வெற்றிடம் உள்ள வட்டில் இன்னும் சில ஜிகாபைட்டை விடுவிப்பதால் கணினியின் இயக்கத்தில் உணரத்தக்க மாற்றம் நிகழ்வதில்லை. உலாவியின் சேமிப்பை அழித்தால், அடுத்த முறை அதே பக்கங்கள் இணையத்திலிருந்து மீண்டும் இறங்க வேண்டியிருப்பதால் அப்பணி மெதுவாகவே நடக்கும்.

ரெஜிஸ்ட்ரித் தூய்மை இதனினும் ஐயத்திற்குரியது. ரெஜிஸ்ட்ரி என்பது இயங்குதளமும் செயலிகளும் தம் அமைப்புக் குறிப்புகளைப் பதிந்து வைக்கும் தரவுத்தளம். பல்லாயிரக்கணக்கான பதிவுகளுள் சில நூறு பழம்பதிவுகளை எடுத்துவிடுவதால் தேடும் நேரம் அளவிடத்தக்க அளவிற்குக் குறைவதில்லை. தவறான ஒரு பதிவை எடுத்துவிட்டாலோ செயலி இயங்காது போகலாம். ரெஜிஸ்ட்ரித் தூய்மைக் கருவிகளின் பயன்பாட்டைத் தாம் ஆதரிப்பதில்லை என மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அறிவித்துள்ளது. தோல் பதனிடுவோர் அறிந்த ஓர் ஒப்புமை இங்குப் பொருந்தும். தோலின் உட்புறம் ஒட்டியுள்ள சதையை வழித்தெடுப்பது தேவையான வேலைதான். கத்தி மயிரிழை ஆழமாக இறங்கினால் தோலே குறைப்பட்டுப் போகும்.

ரேம் நினைவகத்தை விடுவிப்பதாகக் கூறும் கருவிகள் பயன்பாட்டில் உள்ள தரவை வட்டுக்குத் தள்ளிவிடுகின்றன. காட்டியில் வெற்றிடம் கூடுதலாகத் தெரியும். அத்தரவு மறுபடி தேவைப்படும் நொடியில் கணினி திணறும். விண்டோஸ் எக்ஸ்பி முதல் வழங்கப்படும் பிரிஃபெட்ச் கோப்புறையும் இத்தகையதே. செயலிகள் விரைந்து திறப்பதற்காக இயங்குதளம் எழுதி வைக்கும் குறிப்புகளைக் குப்பை எனக் கருதி அழித்தால், அடுத்த திறப்பு தாமதமாகும். கணினியோடு தாமே தொடங்கும் செயலிகளைக் குறைப்பது ஒன்றே இவ்வகைக் கருவிகள் தரும் உண்மையான வேகப்பயன் எனலாம். அதை இயங்குதளத்தின் டாஸ்க் மேனேஜரிலேயே செய்துகொள்ள இயலும்.

கோப்புச் சீரமைப்பு, சுழலும் தட்டுகளைக் கொண்ட ஹார்டு டிஸ்க்குக்கு உரியது. அங்குப் படிக்கும் முனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்ந்து தரவைப் பெற ஏறத்தாழ 10 மில்லி நொடி ஆகிறது. எஸ்.எஸ்.டி. வட்டில் நகரும் உறுப்பு இல்லை. அதே பணி 0.1 மில்லி நொடி அளவில் முடிகிறது. எனவே எஸ்.எஸ்.டி.யில் சீரமைப்பால் பயன் ஏதுமில்லை. வீண் எழுத்துப்பணியே மிஞ்சுகிறது. பழைய கணினியின் ஹார்டு டிஸ்க்கை மாற்றி எஸ்.எஸ்.டி. பொருத்துவது தரும் வேகத்தை எந்தத் தூய்மை மென்பொருளாலும் தர இயலாது.

ஆய்வுத்தரவு இழப்பு

நீக்கத்தின் மறுபக்கம் ஆய்வாளருக்கு உரியது. எதிர்பாராது மின்சாரம் நின்றபோது சேமிக்கப்படாத இயலை மீட்டுத் தருவது, வேர்டு செயலி பயனரின் கோப்புறைக்குள் மறைவாக எழுதி வைக்கும் தானியங்கு மீட்புக் கோப்பாகும். தற்காலிகக் கோப்புகளை முற்றாக நீக்கும் கருவி, அம்மீட்பிற்குரிய வாய்ப்பையும் உடன் நீக்கிவிடக்கூடும். இணைய ஆவணச் செயலிகளில் இணைப்பில்லாத நேரத்தில் எழுதியவை உலாவியின் உட்சேமிப்பில்தான் காத்திருக்கின்றன. தளத்தரவு நீக்கம் அவற்றையும் எடுத்துச் சென்றுவிடும்.

2018இல் வெளியான விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பு இதற்குத் தக்க சான்று. அதன் வட்டுத் தூய்மைக் கருவியின் பட்டியலில் பதிவிறக்கக் கோப்புறையும் ஒன்றாக இடம்பெற்றது. மின்னூலகங்களிலிருந்து இறக்கிய நூற்படிகளையும் கட்டுரைகளையும் அக்கோப்புறையிலேயே விட்டு வைப்பது ஆய்வாளர் பலரின் இயல்பு. பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் தெரிவுசெய்து பொத்தானை அழுத்துவதும் இயல்பே. இவ்விரண்டு இயல்புகளும் சந்திக்கும் இடத்தில் பல மாத உழைப்பு மறைகிறது. எஸ்.எஸ்.டி. வட்டில் இவ்விழப்பு மேலும் உறுதியானது. விண்டோஸ் 7 முதல் ட்ரிம் என்னும் கட்டளை நடைமுறையில் உள்ளது. அழிக்கப்பட்ட கோப்பின் இடத்தை வட்டு தானாகவே வெறுமையாக்கிக்கொள்ள அது வழிசெய்கிறது. 1982இல் நார்ட்டன் காட்டிய மீட்பு வழி இங்குப் பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது.

தமிழாய்வுக்குத் தனித்த இடர் ஒன்று உண்டு. தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்16 குறியாக்கத்தையும் 2010இல் ஏற்றது. அதற்கு முன்னர்த் தட்டச்சிடப்பட்ட ஆய்வேடுகள் பல, பாமினி போன்ற தனி எழுத்துரு முறைகளில் உள்ளன. அவ்வெழுத்துரு கணினியில் இல்லையெனில் கோப்பு திறந்தாலும் தமிழ் தெரியாது. பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். இடமீட்பின் பெயரால் பயன்படாத எழுத்துரு என ஒன்றை அகற்றும்போது கோப்பு அழிவதில்லை. அதைப் படிக்கும் திறவுகோல் தொலைகிறது. ஒருங்குறிக்கு மாற்றி வைக்கப்படாத பழங்கோப்புகள் உள்ள கணினியில் எழுத்துருக் கோப்புறையைத் தொடாதிருப்பதே நன்று.

தூய்மைக் கருவியே வாயிலாதல்

15.08.2017 அன்று வெளியான சிகிளீனர் 5.33 பதிப்பினுள் தீநிரல் ஒன்று புகுத்தப்பட்டிருந்தது. அது முறையான மின்கையொப்பத்துடன், நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே பயனர்களைச் சென்றடைந்தது. பிரிஃபார்ம் நிறுவனத்தை அவாஸ்ட் நிறுவனம் வாங்கியது அதே ஆண்டு சூலையில். ஊடுருவல் அதற்கு முன்னரே நிகழ்ந்திருந்தது. செப்டம்பரில் இது வெளிப்பட்டபோது ஏறத்தாழ 22.7 இலட்சம் கணினிகளில் அப்பதிப்பு நிறுவப்பட்டிருந்தது. தாக்கியோரின் உண்மையான குறி பெருந்தொழில்நுட்ப நிறுவனங்களின் ஒருசில கணினிகளே. எனினும், கணினியின் அனைத்துக் கோப்புகளையும் தொடும் உரிமை பெற்ற கருவி, தன் தயாரிப்பாளர் அறியாமலேயே பிறர் நுழையும் வாயிலாகக்கூடும் என்பதை இந்நிகழ்வு காட்டிற்று. நம்பத்தகுந்த தயாரிப்பின் நிலையே இதுவெனில், இலவசம் என்னும் பெயரில் விளம்பரச் சாளரம் வழியே வரும் பெயரறியாக் கருவிகளைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை.

காற்றும் தாமிரமும்

மென்பொருளால் தொட முடியாத காரணங்கள் இவ்வட்டாரத்தில் மூன்று. முதலாவது வெப்பம். மே மாதத்தில் வேலூரின் வெப்பநிலை 40 டிகிரி செல்சியசைக் கடப்பது வழக்கம். செயலகச் சில்லு தன் வெப்ப எல்லையை நெருங்கும்போது எரிந்துபோகாதிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறியில் தூசி படிந்து, சில்லின்மீது தடவிய வெப்பப்பசை உலர்ந்த கணினியில் இக்குறைப்பு நண்பகலில் நிகழ்ந்து இரவில் மறையும். காலையில் சரியாக இருக்கும் கணினி பிற்பகலில் மெதுவானால் அதற்குக் குப்பைக் கோப்பு காரணமாக இருக்க இயலாது. கோப்புகளுக்குப் பொழுது தெரியாது.

இரண்டாவது தூசி. பச்சைத்தோல் உப்பிட்டுப் பாதுகாக்கப்பட்டுத் தொழிற்கூடத்திற்கு வருகிறது. அங்கு உப்பு உதறப்படுகிறது. பதனிட்ட தோலைத் தேய்த்துச் சீராக்கும்போது நுண்ணிய தோல்தூள் எழுகிறது. சமையலுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடந்தால் ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், மின்சுற்றுப் பலகையில் படிந்த உப்புத்தூசி இவ்வாறு கரைந்து மின்கடத்தும் படலமாகிறது.

மூன்றாவதே மிகுந்த கவனத்திற்குரியது. தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு பயன்படுகிறது. காரநிலையில் அடங்கியிருக்கும் சல்ஃபைடு, சுண்ணாம்பு நீக்கத்தின்போதோ கழிவுநீரோடு அமிலம் கலக்கும்போதோ ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக வெளிப்படுகிறது. இவ்வாயு தாமிரத்தையும் வெள்ளியையும் தாக்கிச் சல்ஃபைடு படலத்தை உண்டாக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 01.07.2006 முதல் நடைமுறைக்கு வந்தபின் மின்னணுப் பலகைகளிலிருந்து ஈயம் விலக்கப்பட்டது. வெள்ளிப்பூச்சிட்ட ஈயமிலாப் பலகைகள் கந்தகக் காற்றில் விரைவில் பழுதாவது அதன்பின் பெரிதும் கவனிக்கப்பட்டது.

கருவிச் சூழலுக்கான ஐ.எஸ்.ஏ. 71.04 தரம், ஒரு மாதத்தில் தாமிரத்தில் 300 ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவான படலம் உருவாகும் காற்றையே மின்னணுக் கருவிக்கு ஏற்ற ஜி1 நிலை எனக் கொள்கிறது. அத்தரத்தின் 1985ஆம் ஆண்டுப் பதிப்பு அந்நிலைக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு நூறு கோடியில் 3 பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்றது. 10 பங்கைக் கடந்தால் அது ஜி3 எனப்படும் கடுஞ்சூழல். மனித மூக்கு இவ்வாயுவின் அழுகிய முட்டை நாற்றத்தை உணரத் தொடங்கும் எல்லை பத்து இலட்சத்தில் 0.01 முதல் 1.5 பங்கு வரை என அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு அமைப்பு குறிப்பிடுகிறது. அதன் கீழெல்லை நூறு கோடியில் 10 பங்குக்குச் சமம். அதாவது, கூர்ந்த மூக்குடையவர் நாற்றத்தை முதன்முதலாக உணரும்போதே கணினிக்கு அக்காற்று கடுஞ்சூழலின் வாசலை எட்டிவிட்டது. நாற்றம் பழகிப்போனவர்கள் பணியாற்றும் அறையில் கணினியின் நிலை சொல்லாமலே விளங்கும்.

அரிப்பு கணினியை உடனே நிறுத்துவதில்லை, முதலில் மெதுவாக்குகிறது. வட்டையும் பலகையையும் இணைக்கும் தொடுமுனையில் படலம் படிந்தால் தரவு பிழையோடு செல்லும். கணினி பிழையை உணர்ந்து மறுபடி அனுப்பும். இம்மறுமுயற்சிகளே பயனருக்குத் தாமதமாகத் தெரிகின்றன. விண்டோஸ் எக்ஸ்பி இத்தகைய பிழைகள் ஆறைக் கடந்தால் வட்டோடு தொடர்புகொள்ளும் வேகத்தையே படிப்படியாகக் குறைத்துவிடும். பழுதுநீக்கும் கடைகளில் ரேம் பலகையைக் கழற்றி, அதன் முனைகளைப் பென்சில் அழிப்பானால் தேய்த்து மீண்டும் செருகினால் நின்ற கணினி உயிர்பெறுவதைப் பலர் கண்டிருப்பர். பொன்பூச்சு தேயும் என்பதால் அம்முறை அடிக்கடி செய்யத்தக்கதன்று. ஐசோபுரொப்பைல் ஆல்ககாலில் நனைத்த துணி மேலானது. எனினும் குறை கோப்பில் இல்லை, தொடுமுனையில் இருந்தது என்பதற்கு அந்த அழிப்பானே போதிய சான்று.

ஆய்ந்தறியும் முறை

மெதுவான கணினியில் முதலில் செய்ய வேண்டியது நீக்கம் அன்று, அளவீடு. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் செயல்திறன் கண்டறிதல் பிரிவில் 100 என்னும் எண்ணுடைய பதிவு, ஒவ்வொரு தொடக்கமும் எத்தனை மில்லி நொடி எடுத்தது எனக் காட்டும். நண்பகல் எண்ணையும் இரவு எண்ணையும் ஒப்பிட்டால் வெப்பத்தின் பங்கு புலப்படும். அடுத்து, வட்டு தன்னைப்பற்றித் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் குறிப்புகள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற படிக்கும் கருவிகள் எதையும் அழிப்பதில்லை. அவற்றுள் 5 மற்றும் 197 ஆம் எண்கள் வட்டின் பழுதுற்ற பகுதிகளைக் குறிப்பன. 199 ஆம் எண் இணைப்புவழிப் பிழைகளைக் குறிப்பது. 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் முதலில் ஐயப்பட வேண்டியது கேபிளையும் தொடுமுனையையும். வட்டை மாற்றுவது பின்னர் எண்ணத்தக்கது. 5உம் 197உம் ஏறினால் அன்றே ஆய்வேட்டைப் படியெடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். அந்நிலையில் தூய்மை மென்பொருளோ கோப்புச் சீரமைப்போ இயக்கினால், இறுதி மூச்சில் உள்ள வட்டு எஞ்சிய உழைப்பையும் அவ்வேலையிலேயே செலவிட்டு, படியெடுக்க வாய்ப்பளிக்காமல் நின்றுவிடக்கூடும்.