அலங்கார மீன் வளர்க்கப் போகிறீர்களா? முதலில் கிணற்று நீரை அறியுங்கள்

மீள்குடியேறிய பின் வாழ்வாதாரத் தொழிலாக அலங்கார மீன் வளர்ப்பைத் தெரிவுசெய்ய எண்ணுகிறீர்களா? இதற்கு அதிக காணி தேவையில்லை. முற்றத்தில் நிழலான இடத்தில் சில சீமெந்துத் தொட்டிகள் போதும். ஆனால் உங்கள் கிணற்று நீருக்குப் பொருந்தாத மீனை வாங்கினால், கையிலுள்ள உதவிப் பணம் சில வாரங்களிலேயே வீணாகிவிடும்.

வன்னீர், மென்னீர்

மழைநீர் நிலத்துக்குள் இறங்கும்போது கல்லிலுள்ள கல்சியம், மக்னீசியம் போன்ற கனியுப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. இவை அதிகமுள்ள நீர் வன்னீர். குறைவாக உள்ளது மென்னீர். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்திருப்பதால் அங்குள்ள கிணறுகளில் பெரும்பாலும் வன்னீரே உள்ளது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது இந்தச் சுண்ணாம்புதான். மற்றைய இடங்களில் இது கிணற்றுக்குக் கிணறு வேறுபடலாம்.

குஞ்சுகளுக்கு இதனால் என்ன?

மீன் குஞ்சு எலும்பு வளரத் தேவையான கல்சியத்தை உணவிலிருந்து மட்டுமன்றி, செவுள் வழியாக நீரிலிருந்தும் பெறுகிறது. கப்பி, மொலி, பிளாட்டி, வாள்வால் ஆகியவை குஞ்சு ஈனும் மீன்கள். இவற்றுக்கு வன்னீர் நன்கு பொருந்தும். தனி மழைநீரில் விட்டால் இவை மெலிந்து, வளர்ச்சி குன்றும். நியோன் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவை மென்னீர் மீன்கள். வன்னீரில் இவற்றின் முட்டைகள் சரிவரப் பொரிப்பதில்லை. விலை அதிகம் என்பதற்காக இவற்றோடு தொழிலைத் தொடங்க வேண்டாம்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

1. ஒரே அளவான இரண்டு போத்தல்களில் ஒன்றில் கிணற்று நீரையும் மற்றதில் மழைநீரையும் அரைவாசிக்கு நிரப்புங்கள்.
2. இரண்டிலும் ஒரே அளவு சவர்க்காரத்தைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். சலவைத்தூள் பாவிக்க வேண்டாம்.
3. கிணற்று நீரில் நுரை குறைந்து, வெள்ளைக் கசடு மிதந்தால் அது வன்னீர்.

கரையோரக் கிணறுகள் கோடையில் உவர்ப்பாக மாறலாம். ஆகவே கோடையில் நீரைச் சுவைத்தும் பாருங்கள். உவர்ப்பைத் தாங்கக்கூடியது மொலி.

கவனிக்க வேண்டியவை

• துப்புரவாக்கிக் குளோரின் இட்ட கிணற்று நீரை உடனே தொட்டிக்கு விட வேண்டாம். குளோரின் குஞ்சுகளைக் கொன்றுவிடும். மணம் முற்றாக நீங்கிய பின் எடுத்து, அகன்ற பாத்திரத்தில் இரண்டு நாட்கள் திறந்து வைத்துப் பாவியுங்கள்.

• நீர் மிகவும் வன்மையானால் மழைநீர் கலக்கலாம். ஒரு வாளி கிணற்று நீருக்கு ஒரு வாளி மழைநீர் சேர்த்தால் வன்மை ஏறத்தாழ அரைவாசியாகும். மழைநீர்ப் பீப்பாவை நுளம்பு புகாதவாறு மூடி வையுங்கள்.

• ஒரே தடவையில் நீர் முழுவதையும் மாற்ற வேண்டாம். திடீர் மாற்றத்தைக் குஞ்சுகள் தாங்கா. காற்பங்கு மட்டும் மாற்றுங்கள்.

• மிஞ்சிய உணவை அன்றாடம் அகற்றுங்கள். உணவும் கழிவும் அழுகும்போது அமோனியா உண்டாகும். காரத்தன்மையுள்ள வன்னீரில் அதன் நச்சு கூடும்.

• கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிப்படுத்தப்படாத காணியிலுள்ள கிணற்றுக்குப் போக வேண்டாம்.

தொடங்கும் முறை

முதலில் ஐந்தாறு கப்பிகளை மட்டும் வாங்கி இரண்டு வாரம் வளர்த்துப் பாருங்கள். அவை சுறுசுறுப்பாக இரை தின்றால் மேலும் வாங்கலாம். வாங்கும் இடத்தில் அங்குள்ள நீர் எத்தகையது என்றும் கேளுங்கள். உங்கள் நீரிலேயே பிறந்து வளரும் குஞ்சுகள் அந்நீருக்குப் பழகியவை. எனவே நல்ல தாய் மீன்களை விற்காமல் வைத்திருங்கள்.

பயிற்சி பற்றியும் மீன் விற்பனை பற்றியும் அறிய உங்கள் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ விசாரியுங்கள். கிணற்றை மாற்றுவது கடினம். அதற்கேற்ற மீனைத் தெரிவுசெய்வது உங்கள் கையில் உள்ளது.