கரையேறிய பிறகு பிழைபட்ட கணக்கு

புதுச்சேரிக்கு அருகே குயிலாப்பாளையத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்தால் வங்கக்கடல். புதுச்சேரியில் படகேறி முதன்முறை ஸ்கூபா முக்குளிக்கப் போகிறவர், வாடகைக் கருவியை மாட்டிக்கொண்டு நீரில் இறங்குகிறார். கருவிக்குள்ளே ஏதேனும் பழுது இருந்தால் அவரால் கண்டுபிடிக்க முடியாது.

முதுகிலுள்ள சிலிண்டரில் ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் காற்று அடைபட்டிருக்கும். அதை இரண்டு படியாகக் குறைத்து, சுற்றியுள்ள நீரழுத்தத்துக்குச் சமமாக வாய்க்குத் தருவது ரெகுலேட்டர். கோளாறு வந்தால் பெரும்பாலும் காற்றை நிறுத்தாமல் கொட்டும்படியே அதை அமைக்கிறார்கள். பழுதாகும் விதத்தையும் முன்கூட்டி யோசித்த பொறியியல் அது. எனக்கு அதன்மேல் பெருமதிப்பு உண்டு.

மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரின் பழுது அப்படி வெளியே தெரியாது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மூச்சிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரையும். அவசரமாக மேலேறினால் அது குமிழிகளாகி மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை கொண்டுபோகும். கம்ப்யூட்டர் அளப்பது ஆழத்தையும் நேரத்தையும்தான். உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் தங்கியிருக்கிறது என்பது அது போடும் கணக்கு.

அந்தக் கணக்கு ஒருமுறை பிசகியது. யுவாடெக் நிறுவனத்தின் அலாடின் ஏர் எக்ஸ் நைட்ராக்ஸ் என்ற கருவி, ஆக்சிஜன் கூடுதலாகவும் நைட்ரஜன் குறைவாகவும் உள்ள நைட்ராக்ஸ் கலவையைச் சுவாசிப்பவர்களுக்கானது. தொடக்கத்தில் வந்த கருவிகள், முக்குளித்தவர் படகில் உட்கார்ந்து சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போதும் நைட்ராக்ஸையே சுவாசிப்பதாக எடுத்துக்கொண்டன. அதனால் உடம்பிலிருந்து நைட்ரஜன் வேகமாக வெளியேறிவிட்டதாகக் காட்டின. முதல் முக்குளிப்பில் இந்தத் தவறு தலைகாட்டாது. அடுத்தடுத்து இறங்கும்போதுதான், பாதுகாப்பான அளவைவிட அதிக நேரம் ஆழத்தில் இருக்கலாம் என்று கருவி சொல்லும். அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்குகள் எழுந்தன. 2003இல் அந்தக் கருவிகள் திரும்பப் பெறப்பட்டன.

பட்டையையும் பேட்டரியையும் எத்தனை முறை பார்த்தாலும் இந்தப் பிழை அகப்படாது. பயன்படுத்தியவரின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாத இத்தகைய தீங்குகளுக்குத்தான் பொருட்பொறுப்புச் சட்டம் வேண்டியிருக்கிறது. இந்தியாவில் அது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வடிவமைப்புக் குறை, தயாரிப்புக் குறை, போதாத எச்சரிக்கை ஆகியவற்றால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளர் பொறுப்பு. சேவை தருபவரையும், விற்றவரையும்கூட உரிய சூழலில் கேட்கலாம்.

சுற்றுலாப் பயணியைவிட எனக்குக் கவலை தருபவர்கள் தூத்துக்குடி சங்குகுளிப்பவர்கள். படகில் கம்ப்ரஸரை வைத்து, குழாய் வழியே வரும் காற்றை நம்பி ஆழத்துக்குப் போகிறார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கென்று கருவி வாங்கியவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான். ஆனால் வேறு வேலைக்கென்று செய்த கம்ப்ரஸரில் குழாயை இணைத்தபின் குறை யாருடையது? மாற்றியமைத்த பொருளுக்காக விற்றவர்மேல் வழக்குத் தொடர முடியாது என்கிறது அதே சட்டத்தின் 87ஆம் பிரிவு.